சாம்பல்சத்து: வடசென்னைக் கரையில் சவுக்கின் வரலாறு

நம் வட்டத்தின் பத்தாண்டுக் கவியரங்கக் கோப்புகளை இம்மலர்ப் பணிக்காகப் புரட்டியபோது ஒரு செய்தி கண்ணில் பட்டது. கடற்கரையைப் பாடிய கவிதைகளுள் பெரும்பாலானவற்றில் சவுக்கு மரம் நிற்கிறது. எண்ணூரைப் பாடினும் பழவேற்காட்டைப் பாடினும் காற்று ஒரு சவுக்குத் தோப்பில் நுழைந்துதான் வெளியே வருகிறது. என் கவிதையும் அவற்றுள் ஒன்று. நெய்தல் திணையை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றவள் என்னும் துணிவில், சங்கச் சான்றோர் கண்ட சவுக்கு என்று அதில் ஓரடி எழுதியிருந்தேன். கைதட்டலும் கிடைத்தது. கூட்டம் கலைந்தபின், இராயபுரத்து விறகுத்தொட்டி ஒன்றில் நெடுங்காலம் கணக்கெழுதிய பெரியவர் ஒருவர் அருகே வந்தார். "பாட்டு நல்லா இருந்துச்சும்மா. ஆனா சவுக்கு நம்ம மரமில்ல. ரயிலுக்கும் அடுப்புக்கும் வெள்ளைக்காரன் வெச்சது" என்றார்.

வீடு திரும்பியதும் தொகைநூல்களை எடுத்துவைத்துக்கொண்டு அமர்ந்தேன். புன்னை உண்டு, தாழை உண்டு, ஞாழல் உண்டு, கண்டல் உண்டு, மணலில் படரும் அடும்பும் உண்டு. சவுக்கு இல்லை. பிறந்தது முதல் கண்ட காட்சியைத் தொன்மையான காட்சி என்று மனம் தானே எண்ணிக்கொள்கிறது. பட்டம் அதற்குத் தடையாக நிற்பதில்லை. அப்பெரியவரின் சொல்லைப் பின்தொடர்ந்து சென்றதில் விளைந்ததே இக்கட்டுரை. சவுக்கு எப்போது வந்தது என்று கேட்கத் தொடங்கியவள், அம்மரம் மணலுக்கு எதைக் கொடுத்தது, கொடுத்ததை எவர் அள்ளிச் சென்றனர் என்னும் கேள்வியில் போய் நின்றேன்.

சவுக்கு வருவதற்கு முன் இக்கரையின் மணல்மேடுகள் வெறுமையாகக் கிடக்கவில்லை. சோழமண்டலக் கரையில் இயற்கையாக அமைந்தது, உயரம் குறைந்த, அடர்ந்த, ஆண்டு முழுதும் பசுமை குன்றாத காடு. தாவரவியலார் இதனை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பர். பாலை, நாவல், எட்டி, மகிழம், சங்கப் புலவர் கண்ட காயா ஆகியன இக்காட்டு மரங்கள். கழிமுகச் சேற்றில் கண்டல். திருவொற்றியூர்க் கோயிலின் தலமரம் மகிழம் என்பதும், சுந்தரர் சங்கிலியாருக்குச் சூளுரைத்தது அம்மகிழின் அடியில் என்று பெரியபுராணம் கூறுவதும் நம்மவர் அறிந்தவையே. நற்றிணையின் 172ஆம் பாடலில் புன்னை ஒன்று தலைவிக்கு உடன்பிறந்தாள் முறை ஆகிறது. இம்மரங்களை விறகுக்கென நட்டு வளர்க்கும் வழக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. புன்னைக் கொட்டையில் விளக்கெரிக்க எண்ணெய் கிடைத்தது; மரம் நின்றால்தான் எண்ணெய். நட்டு, எண்ணி, ஒரே நாளில் வீழ்த்தி, மீண்டும் நடும் மரம் என்னும் கருத்தே இக்கரைக்குப் புதியது.

அக்கருத்து இரயிலோடு வந்தது. 1856ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இராயபுரத்திலிருந்து வாலாசா வரை வண்டி ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் இரயில் நிலையம் நம் இராயபுரம் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். நிலக்கரி அக்காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தது, விலை தாளாது. ஆகவே சென்னை இரயில்வேயின் எஞ்சின்கள் பெரிதும் விறகையே எரித்தன. தண்டவாளத்தின் கீழ் இடும் கட்டைகளுக்காக வெட்டிய காடு வேறு. அதே 1856இல்தான் சென்னை மாகாணத்தில் வனத்துறை நிறுவப்பெற்று, ஹியூ கிளெக்ஹார்ன் என்னும் மருத்துவர் அதன் தலைமையை ஏற்றார். காடழிவைப் பற்றி 1851இலேயே பிரித்தானிய அறிவியல் முன்னேற்றக் கழகத்திற்கு அறிக்கை அளித்தவர் அவர். 1861இல் வெளியான அவருடைய நூல் தென்னிந்தியக் காடுகளையும் தோட்டங்களையும் பற்றியது. காட்டை நேசித்தவர், இரயிலுக்கு மரம் தேடித் தரும் பொறுப்பும் அவர் தலையிலேயே இருந்தது. அந்த முரணிலிருந்து பிறந்த விடைகளுள் ஒன்று, விறகுக்கென்றே மரம் பயிரிடுவது.

கார்வார் கரையில் 1868இல் சவுக்கு நடப்பட்டதை வனநூல்கள் பெரிதாகக் குறிக்கின்றன. கிழக்குக் கரையிலும் 1860களில் தொடங்கி நெல்லூர், செங்கற்பட்டு, தென்னார்க்காடு மாவட்டங்களின் கடலோர மணலில் அரசும் தனியாரும் அதனைப் பயிரிட்டனர். அழகுமரமாக அது முன்பே வந்துவிட்டிருந்தது. 1877இல் இளவயதிலேயே மறைந்த வங்கக் கவிஞர் தோரு தத் தம் தோட்டத்துச் சவுக்கைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். அது 1882இல் நூலில் வெளிவந்தது. ஆக, சவுக்கைப் பாடுவதில் நமக்கு முன்னோடி உண்டு என்று கவிஞர்கள் ஆறுதல் கொள்ளலாம். அவர் அதனைத் தம் இளமையின் மரமாகப் பாடினார்; சங்கத்து மரம் என்று கூறவில்லை.

ஆஸ்திரேலியாவும் தென்கிழக்காசியத் தீவுகளும் சவுக்கின் தாயகம். காசுவரைனா என்னும் அதன் அறிவியற்பெயர் காசோவாரி என்னும் பறவையின் பெயரிலிருந்து வந்தது. தொங்கும் கிளைகள் அப்பறவையின் இறகை ஒத்திருப்பதே காரணம். நாம் ஊசியிலை என்று கருதுவது இலையே அன்று. அது பச்சை நிறச் சிறுகிளை. மெய்யான இலைகள் அதன் கணுக்களில் கண்ணுக்கு எளிதில் தெரியாத செதில்களாகச் சுருங்கிக் கிடக்கின்றன. கடற்காற்றையும் உப்பையும் தாங்கவும் நீரைச் சிக்கனமாகச் செலவிடவும் ஏற்ற உடல். தமிழில் சவுக்கு என்பது சாட்டைக்கும் பெயர் என்பதை நினைத்துக்கொண்டு, கவிஞர்கள் வேண்டுமானால் ஒரு சிலேடை செய்துகொள்ளலாம்.

நடுவது எளிதாக இருந்ததில்லை. மணலில் சில அடி தோண்டினால் நன்னீர் ஊறும். கடல்நீரின்மேல் மிதக்கும் மழைநீர் அது. அவ்வூற்றிலிருந்து குடத்தில் மொண்டு, முதல் ஓரிரு ஆண்டுகளுக்குக் கன்றுதோறும் ஊற்ற வேண்டும். வேர் ஈரத்தைத் தொட்டபின் மரம் தானே வளர்ந்துகொள்ளும்.

விறகு நகருக்கு வந்த வழி பக்கிங்காம் கால்வாய். பேசில் காக்ரேன் என்னும் வணிகர் 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டி முடித்த கால்வாய் அதன் முதற்பகுதி. 1837இல் அரசு அதனை ஏற்று வடக்கே நீட்டியது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சத்தில் பட்டினி கிடந்தோர் கூலிக்கு வெட்டிய பகுதியும் சேர்ந்தபின், 1878இல் ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது. காக்கிநாடாவிலிருந்து மரக்காணம் அருகு வரை நீண்ட இந்நீர்வழியில் உப்பும் கிளிஞ்சலும் விறகும் வந்தன. ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவின் காட்டு விறகும் இவ்வழியே வந்தது. அக்காட்டை நன்கறிந்தவர்கள் யானாதியர். விறகு வண்டியில் ஏறித் தொட்டிகளுக்குப் போய், அங்கிருந்து தலைச்சுமையாய் வீடுகளுக்குப் போனது. எரித்தவர்களின் பெயரும் வெட்டியவர்களின் பெயரும் ஏட்டில் இல்லை; ஏட்டில் இருப்பவை எடையும் விலையும்.

அந்த எடையில் சேராத ஒன்றைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். எங்கள் கல்லூரித் தாவரவியல் பேராசிரியை ஒருவர் எனக்கு இதனைப் பொறுமையாக விளக்கினார். பிழை இருப்பின் அது என் செவியின் பிழை. மழை ஓய்ந்தபின் மண்துகள்களுக்கிடையே மெல்லிய படலமாகத் தங்கும் ஈரத்திற்கு மண்நீர் என்று பெயர். அந்த ஈரத்தில் கரைந்துள்ள உப்புகளையே வேர் உண்கிறது. நுண்துளைகள் கொண்ட பீங்கான் குப்பியை மண்ணில் புதைத்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால், ஈரம் துளித்துளியாக உள்ளே கசியும். அத்துளியைச் சோதித்தால் காட்டின் அன்றைய சோறு என்ன என்பது தெரிந்துவிடும்.

அச்சோற்றுக்கு நம் உழவர் வழங்கும் பெயர்களைக் கேட்டபோதுதான் தமிழ் ஆசிரியையாகிய எனக்கு இத்துறை நெருக்கமாயிற்று. நைட்ரஜனைத் தழைச்சத்து என்கிறோம். தழை தழைக்க அது வேண்டும். பாஸ்பரஸ் மணிச்சத்து, கதிரில் மணி பிடிக்க அது வேண்டும். பொட்டாசியம் சாம்பல்சத்து. கால்சியம் சுண்ணாம்புச்சத்து. ஒரு தோப்பின் வரவுசெலவுக் கணக்கு முழுவதும் இந்நான்கு சொற்களுக்குள் இருக்கிறது.

களிமண்ணும் மக்கிய தழையும் இச்சத்துகளுள் பலவற்றைப் பற்றி வைத்துக்கொள்ளும். மணலுக்கு அந்தக் கை இல்லை. தழைச்சத்தின் நைட்ரேட் வடிவமோ களிமண்ணிலும் நிற்காது; நீர் போகும் இடத்திற்கு அதுவும் போகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இக்கரையின் மணல்மேடு ஒரு சல்லடை. ஆகவே மணற்காட்டில் சத்து தங்குமிடம் மண் அன்று, மரம். மரம் உறிஞ்சி இலையில் வைக்கிறது. இலை உதிர்ந்து மக்குகிறது. மக்கியது மழையில் கரைந்து கீழிறங்கும்முன் வேர் அதை மறுபடி பிடித்துக்கொள்கிறது. இந்தச் சுழற்சி எவ்வளவு இறுக்கமாக இருக்கிறதோ அவ்வளவு தெளிவாக, அதாவது சத்தற்றதாக, ஆழத்து மண்நீர் இருக்கும். ஆழத்து நீரில் சத்து மிகுந்தால் காடு ஒழுகுகிறது என்று பொருள்.

எந்த மரம் என்பதைப் பொறுத்து இச்சுழற்சி மாறும். போலந்து நாட்டில் ஒரே நிலத்தில் 14 வகை மரங்களை 1970ஐ ஒட்டி அருகருகே நட்டு, முப்பதாண்டுக்குப் பின் மண்ணைச் சோதித்தனர். சுண்ணாம்புச்சத்து மிகுந்த சருகு உதிர்க்கும் மரங்களின் அடியில் மண்புழு பெருகியிருந்தது. மண்ணின் புளிப்பும் குறைந்திருந்தது. நட்டபோது மண் ஒன்றே, வேறுபடுத்தியது சருகு.

சவுக்கின் தனித்தன்மை வேரில் இருக்கிறது. பேராசிரியை ஒரு முறை தோப்பிலிருந்து இளமரத்தின் வேரைக் கொண்டுவந்து காட்டினார். அதில் பவளக்கொத்துப் போன்ற பழுப்பு நிற முடிச்சுகள் இருந்தன. அவற்றுள் பிராங்கியா என்னும் நுண்ணுயிர் குடியிருக்கிறது. காற்றில் நிறைந்திருந்தும் எந்தச் செடிக்கும் நேரே பயன்படாத நைட்ரஜனை அது பிடித்து மரத்திற்குத் தழைச்சத்தாக்கித் தருகிறது. மரம் அதற்குச் சர்க்கரை தருகிறது. அவரையும் துவரையும் செய்யும் வேலையே இது, செய்யும் உயிர் வேறு. ஆய்வுக்கூடத்தில் அதனைத் தனியே பிரித்து வளர்ப்பதில் 1978 வரை எவரும் உறுதியாக வெற்றிபெறவில்லை. செனகல் நாட்டின் மணற்கரையில் நட்ட சவுக்குத் தோப்பு ஒன்று ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 58 கிலோ நைட்ரஜனைச் சேர்த்ததாக 1960களில் கணக்கிட்டார்கள். இன்றைய 45 கிலோ யூரியா மூட்டைக் கணக்கில் அது மூன்று மூட்டைக்குச் சற்றே குறைவு. எதுவும் விளையாத மணலில் இம்மரம் விளைந்ததன் மருமம் இதுதான். கிளெக்ஹார்ன் காலத்து வனத்துறையினர் வேர்முடிச்சின் உட்பொருள் அறியாமலேயே நடைமுறையில் சரியான மரத்தைத் தேர்ந்துவிட்டனர்.

சவுக்கின் மெல்லிய சிறுகிளைகள் சீப்புப் போலவும் வேலை செய்கின்றன. கடற்காற்றில் மிதந்துவரும் உப்புத் திவலை அகன்ற இலையைவிட அவற்றில் மிகுதியாகச் சிக்கும். மழை அதனைக் கழுவி அடியிலுள்ள மண்ணில் சேர்க்கும். எண்ணூரைப் போன்ற ஆலைக்கரையில் காற்றில் மிதப்பது கடலுப்பு மட்டுமா என்ற கேள்வியைப் பேராசிரியை சிரித்துக்கொண்டே என்னிடம் விட்டுவிட்டார்.

காற்றிலிருந்து தழைச்சத்து வந்தது. கடலிலிருந்து உப்பு வந்தது. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் பெரும்பாலும் அந்த மணலிலிருந்தே வர வேண்டியிருந்தது. மரம் தன் வேரை ஆழச் செலுத்தி அவற்றைத் தேடி மேலே கொண்டுவந்தது. சருகு உதிர்ந்து தங்கியிருந்தால் சில பத்தாண்டுகளில் அம்மணல் மண்ணாகியிருக்கும். உதிர்ந்தது, தங்கவில்லை. இங்கே என் குடும்பக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது.

என் ஆயா அத்திப்பட்டுப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர். இந்நாட்டு விடுதலைக்கு முன்னும் பின்னுமாகப் பல ஆண்டுகள் அவருக்குச் சோறு போட்டது சவுக்குச் சருகு. விடியுமுன் நான்கைந்து பெண்கள் தோப்புக்குப் போவார்கள். தோப்புக்காரருக்குச் சிறுதொகை கட்டிவிட்டு, ஈர்க்குத் துடைப்பத்தால் மணல் தெரியும்வரை பெருக்கிச் சாக்கில் திணிப்பார்கள். அடுப்பு மூட்டச் சருகு, எரிக்க மிலாறு. வெட்டு விழும் நாளில் கூட்டம் இன்னும் பெரிது. தண்டுக்கட்டை ஒப்பந்தக்காரருக்கு, கழி பந்தலுக்கும் சாரத்திற்கும், மிலாறு கட்டுக்கட்டாய் விறகுத்தொட்டிக்கு. சவுக்கு வெட்டிய அடியிலிருந்து நன்றாகத் துளிர்ப்பதில்லை. அதனால் அடிக்கட்டையையும் வேரோடு தோண்டி எடுத்து விற்பார்கள். "ஒரு குச்சி விடமாட்டோம். தோப்பு கண்ணாடி மாதிரி ஆயிடும்" என்று ஆயா பெருமையாகச் சொல்வார். வேர்முடிச்சும் அந்தக் கண்ணாடிக்குள் போயிற்று.

மரத்தின் எடையில் பெரும்பங்கு தண்டு. ஆனால் தண்டுக்கட்டை பெரிதும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் செய்யப்பட்ட பொருள். அதில் சத்தின் செறிவு குறைவு. சிறுகிளையிலும் மிலாறிலும் பட்டையிலும்தான் சத்து செறிந்திருக்கிறது. தண்டை மட்டும் எடுத்துச் சென்றால் தோப்பு இழப்பது கொஞ்சம். சருகையும் மிலாறையும் சேர்த்து எடுத்தால் கூடுதலாகப் போகும் எடை சிறிது, போகும் சத்து பெரிது. வனத்துறை ஏடுகள் டன் கணக்கில் எழுதியது மலிவான பொருளை. சாக்கில் போன விலையுயர்ந்த பொருளை எடைபோட்டவர் இல்லை.

இதனை அக்கால ஐரோப்பா அறியாதிருக்கவில்லை. ஜெர்மானிய உழவர் மாட்டுக் கொட்டிலில் பரப்புவதற்காகக் காட்டுச் சருகைத் தலைமுறை தலைமுறையாக வாரி எடுத்துக் காட்டை மெலியச் செய்திருந்தனர். பவேரியாவில் எபர்மாயர் என்னும் அறிஞர் சருகில் உள்ள சத்துகளை அளந்து 1876இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். இந்திய வனத்துறையின் முதல் தலைமை அலுவலரான பிராண்டிஸும் ஜெர்மானியரே. சென்னை மாகாண வன ஆட்சி பற்றிய அவருடைய அறிக்கை 1883இல் வந்தது. 1889இன் இறுதியில் இந்தியாவுக்கு வந்த வேளாண் வேதியியலார் வோல்க்கர், விறகுப் பஞ்சத்தால் சாணம் வரட்டியாகி எரிகிறது, வயலுக்கு எரு போவதில்லை என்பதைக் கண்டு, ஊருக்கு ஊர் விறகுக்கும் தீவனத்திற்கும் காப்புக்காடு வேண்டும் என்று 1893இல் வெளியான அறிக்கையில் வலியுறுத்தினார். மிக நுட்பமான பார்வை அது. விறகைக் கொடுத்து வயலின் எருவைக் காப்பது அவர் திட்டம். விறகுத் தோப்புக்கு எரு எங்கிருந்து வரும் என்று கேட்கும் முறை மணற்காட்டிற்கு வரவில்லை.

வெட்டியபின் மண்நீருக்கு என்ன நேர்கிறது என்பதை உலகம் தெளிவாகக் கண்டது 1965க்குப் பின்னரே. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹப்பர்ட் புரூக் காட்டில் 15.6 ஹெக்டேர் நீர்ப்பிடிப்புப் பகுதியின் மரங்கள் அனைத்தையும் வெட்டி அங்கேயே கிடக்க விட்டனர். களைக்கொல்லி தெளித்து மறுதுளிர்ப்பையும் தடுத்தனர். முதலாண்டில் ஓடைநீர் 39 விழுக்காடு கூடியது. உறிஞ்ச மரம் இல்லை. நீரிலிருந்த நைட்ரேட் நாற்பது மடங்குக்கும் மேலாயிற்று; குடிநீருக்குரிய வரம்பையும் தாண்டியது. அதனோடு சுண்ணாம்புச்சத்தும் சாம்பல்சத்தும் கரைந்து வெளியேறின. அங்கிருந்து ஒரு குச்சியும் வெளியே போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உண்ணும் வேர் இல்லாததாலேயே அத்தனை இழப்பு. நம் தோப்புகளிலோ இரண்டும் நிகழ்ந்தன. உடல் படகில் போயிற்று. எஞ்சிய சத்து, அடுத்த கன்றின் வேர் வளருமுன், மழையோடு மணலுக்குள் இறங்கிற்று.

ஸ்ரீஹரிக்கோட்டைக் காட்டிலும் விறகு வெட்டத்தான் செய்தனர். ஆனால் அங்குள்ள காட்டு மரங்களுட் பல, அடியை விட்டு வெட்டினால் மறுபடி துளிர்ப்பவை. வேர் மண்ணிலேயே உயிரோடு இருக்கும்; முதல் மழைக்கே உண்ணத் தொடங்கும். கோடரி ஒன்றே; மரத்தின் இயல்பு வேறு என்பதால் மண்நீரின் கதையும் வேறாகிறது. சவுக்கைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. இக்கரையில் எவரும் செய்யாத உழைப்பை அது செய்தது. குற்றம் என்று ஒன்று உண்டானால், துளிர்க்காத மரத்தை மணலில் நட்டு, அதன் சருகையும் வேரையும் விலைக்கு விட்ட கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கின் கடைசி வரியில் துடைப்பத்தோடு நின்றவர் என் ஆயா. அவருக்கு வேறு வேலை எவரும் தரவில்லை.

சவுக்கு அடுப்பில் எரியும்போது தழைச்சத்து புகையாகி வந்த வழியே காற்றுக்குத் திரும்பிவிடுகிறது. சாம்பலில் அது இல்லை. சாம்பலில் எஞ்சுவது சுண்ணாம்புச்சத்து, சிறிது மணிச்சத்து, அப்புறம் பெயரிலேயே சாம்பலைத் தாங்கிய சாம்பல்சத்து. ஆங்கிலத்தாரும் சட்டியில் காய்ச்சிய சாம்பலிலிருந்துதான் அதற்குப் பெயர் வைத்தனர். சிற்றூரில் அடுப்புச் சாம்பல் எருக்குழிக்குப் போகும். இராயபுரத்திலும் காலடிப்பேட்டையிலும் எருக்குழி ஏது? காலடிப்பேட்டை வீட்டில் ஆயா சாம்பலைத் தேங்காய்நாரில் தொட்டு வெண்கலப் பானையைத் துலக்கியது என் சிறுவயதின் தெளிவான நினைவு. பானை பளபளக்கும். கழுவிய நீர் முற்றத்துச் சாய்கடையில் ஓடித் தெருச் சாக்கடையில் கலந்து, கடைசியில் கால்வாய்க்கோ கடலுக்கோ போகும். விறகாய்ப் படகில் வந்த அதே கால்வாய்தான். நூறாண்டுக் காலம் ஒரு நெடுங்கரையின் மணல் தன் சத்தை இப்படித்தான் நகரத்துச் சாக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. சுவீடன் நாட்டில் காட்டின் கழிகொம்புகளைக் கொதிகலனுக்கு எடுத்துச் செல்பவர்கள் சாம்பலைத் திரும்பக் காட்டில் பரப்பவேண்டும் என்று வனத்துறை பரிந்துரைக்கிறது. நம் சாம்பலுக்குத் திரும்பும் வழி இருக்கவில்லை.

பிறகு மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது, எரிவாயு உருளை வந்தது. கால்வாயில் படகு நின்றது. விறகுத்தொட்டிகள் ஒவ்வொன்றாகக் கட்டடங்களாயின. சவுக்குத் தோப்பு நின்ற கரையில் வேறு தோப்புகள் எழுந்தன; அவற்றின் மரங்கள் புகைபோக்கிகள். 1971இல் மணலி உர ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. பிராங்கியா என்னும் நுண்ணுயிர் மணலுக்கடியில் ஓசையின்றிச் செய்ததைப் பேரழுத்தத்திலும் பெருவெப்பத்திலும் செய்யும் ஆலை அது. காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்கி, அதனை யூரியாவாக்குவது. காற்றிலிருந்து தழைச்சத்து எடுக்கும் தொழில் இவ்வட்டாரத்தை விட்டுப் போகவில்லை, உருமாறியது எனலாம். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவு எண்ணூரில் கடலடிக் குழாய் ஒன்றிலிருந்து அம்மோனியா கசிந்து, கரையோர ஊர் மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு ஓடியபோது, அதே நைட்ரஜனின் மற்றொரு முகத்தைக் கண்டோம்.

சாம்பலும் போகவில்லை. 1970 முதல் 2017 வரை எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கியது. 1994 முதல் வடசென்னை அனல்மின் நிலையம் இயங்குகிறது. நிலக்கரிச் சாம்பல் குழம்பு குழாய்களிலிருந்து கொசஸ்தலையாற்றில் கசிந்தது பற்றித் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குகள் நடந்திருக்கின்றன. ஆயாவின் சாம்பல் பானை துலக்கியது. விழுந்த இடத்தில் கீரை முளைத்திருக்கும். இச்சாம்பலில் ஆர்செனிக் போன்ற நச்சுப்பொருள்களும் உண்டு. ஒரே சொல்லை இரண்டுக்கும் வழங்க வேண்டியிருப்பது நம் மொழியின் குறையன்று.

சவுக்கு இன்று அடுப்புக்கு அரிதாகவே போகிறது. காகித ஆலைகளுக்கும் சாரக்கட்டைக்கும் போகிறது. கோவையிலுள்ள மத்திய அரசின் மர ஆய்வு நிறுவனம் விரைந்து வளரும் புதிய சவுக்கு வகைகளைத் தந்திருக்கிறது. மூன்று நான்கு ஆண்டுகளிலேயே வெட்டு வந்துவிடுகிறது. வெட்டு எவ்வளவு அடுத்தடுத்து வருகிறதோ, பட்டையும் சிறுகிளையும் மிகுந்த இளமரம் அவ்வளவு மிகுதியாக வெளியேறுகிறது. கழிகொம்பையும் சருகையும் நிலத்திலேயே விட்டுவிடுமாறு கூறினால் பல உழவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள் என்று பேராசிரியை சொன்னார். இப்போது சருகு வாங்க ஆளில்லை என்பதும் ஒரு காரணம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கரைநெடுகக் காப்புவேலியாகவும் சவுக்கை நட்டனர். அடும்பும் தாழையும் இருந்த மணல்மேட்டில் அதனை நடுவது தகுமா என்று சூழலியலார் கேட்டனர். அக்கேள்வி இன்னும் தீரவில்லை.

என் பழைய கவிதையை இம்மலரில் மீண்டும் சேர்க்க வேண்டும் என்று தொகுப்புக் குழுவினர் விரும்பினர். பிழையான அடியைத் திருத்தித் தந்திருக்கிறேன். சவுக்கு அங்கேயே நிற்கிறது. சங்கச் சான்றோரை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் ஆயாவின் ஈர்க்குத் துடைப்பத்தை வைத்திருக்கிறேன். சீர் சற்று இடறுகிறது, பொறுத்துக்கொள்க.